இறைப்பு நாளில் எண்ணெய் இல்லாவிட்டால் மலிவு விலை எதற்கு?

கிணத்தடி:

நேற்று வேலைத்தலத்தில் மதியச் சாப்பாட்டு நேரம் மின்கட்டணப் பேச்சு வந்தது. கொழும்பில் இந்தப் பேச்சு எடுத்தால் ஏசி, பிரிட்ஜ், அடுக்குமாடி லிப்ட் என்று போய் முடியும். தோட்டம், வயல் என்ற சொல் ஒருவர் வாயிலும் வரவில்லை. எண்ணெய், கரண்ட், எரிவாயு என்று இங்கே எடுக்கிற ஒவ்வொரு முடிவும் எங்கேயோ ஒரு பாத்தியில் போய்த்தான் நிற்கிறது. அதைக் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

என் அப்பா யாழ்ப்பாணத்து உரும்பிராயில் ஆறு பரப்பில் (பரப்பு என்பது எங்கள் பக்கத்து நில அளவு) சின்ன வெங்காயம் வைக்கிறவர். கிணறு, மண்ணெண்ணெய் மெசின், வாய்க்கால், மண்வெட்டி, அவ்வளவுதான். செம்மண் தண்ணீரைப் பிடித்து வைக்காது, மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை இறைத்தே ஆக வேண்டும். 2022 ஆடி மாதம் நான் வீட்டில் நின்றேன். எண்ணெய்த் தட்டுப்பாட்டால் இங்கே அலுவலகத்தை மூடி வீட்டில் இருந்தே வேலை செய்யச் சொன்ன நேரம் அது. அந்த மெசினைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அது மண்ணெண்ணெயில் ஓடும், ஆனால் மண்ணெண்ணெயில் தொடங்காது. சின்னத் தாங்கியில் கொஞ்சம் பெற்றோல் ஊற்றி, கயிறு சுற்றி இழுத்து, எஞ்சின் சூடான பிறகுதான் மண்ணெண்ணெய்க்குத் திருப்ப வேண்டும். அந்த அரைக் கிளாஸ் பெற்றோல்தான் எங்களிடம் இல்லை. எண்ணெய் நிரப்புகிற ஷெட்டில் கானுக்கு அடிக்க மாட்டோம் என்றார்கள். கியூஆர் பங்கீட்டு முறை வந்த பிறகு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், அப்பா அதில் இருந்து ரியூப் போட்டு உறிஞ்சி ஒரு சோடாப் போத்தலில் எடுத்து, மூடியை இறுக்கி, அடுப்படிக்குத் தூரமாகச் சாமி அறை மூலையில் வைப்பார். அந்தப் போத்தல் இருந்தால் நாளைக்கு இறைப்பு.

மண்ணெண்ணெய் விலை அப்போது 87 ரூபா. டீசல் 460 வரை போன நேரத்திலும் ஏழைகள் பாவிக்கிற எண்ணெய் என்று மண்ணெண்ணெயை மட்டும் 87 இலேயே வைத்திருந்தார்கள். ஆனால் 87 ரூபாவுக்கு எங்கேயும் கிடைக்கவில்லை. விடிய நாலு மணிக்கு வரிசையில் நின்று, வெறும் கானோடு பதினொரு மணிக்குத் திரும்பி வருவார். ஒரு தடவை ஒன்பது நாள் இறைப்பு இல்லாமல் போனது. வெங்காயத் தாள் நுனியில் இருந்து மஞ்சளாகி வளைந்து படுத்துவிட்டது. பிறகு எவ்வளவு தண்ணீர் பாய்ச்சியும் காய் பெருக்கவில்லை, கிண்டும்போது பாதி பாக்கு அளவுதான். ஆவணியில் விலையை ஒரே நாளில் 340 ஆக்கினார்கள். அன்று முழுக்க அப்பா ஏசினார். ஆனால் அடுத்த போகத்துக்கு நடுகிற நேரம் போனில் சொன்னார், "காசு கூடத்தான் பிள்ளை, ஆனா இப்ப போனா கிடைக்குது."

அதற்குப் பிறகு எனக்கு ஒரு எண்ணம் பிடித்துக்கொண்டது. கமக்காரருக்கு எண்ணெயோ கரண்டோ எவ்வளவு மலிவு என்பது இரண்டாவது. அது எந்த நாளில் கையில் வரும் என்பதுதான் முதலாவது. நம்முடையது போன்ற நாடுகளில் எல்லாத் திட்டமும் விலையைப் பற்றியே பேசுகிறது, நாளைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. நான் சொல்வது சரியா பிழையா, வயல் தோட்டம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


தெஹிவளைக் கணக்கர்:

தங்கச்சி, உங்கள் அப்பாவின் கதை மனதில் நிற்கிறது. ஆனால் விலையையும் நாளையும் பிரித்துப் பார்க்காதீர்கள். 87 ரூபாவில் வைத்திருந்ததால்தான் மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. பக்கத்தில் டீசல் 460 விற்கும்போது மண்ணெண்ணெய் தோட்டத்துக்குப் போகாது, டீசலில் கலக்கிறவனிடம்தான் போகும். இறக்குமதி செய்கிறவருக்கு ஒவ்வொரு லீற்றரிலும் நட்டம், டொலரும் இல்லை, கப்பலை எப்படி எடுப்பது? எண்ணெயை மலிவாக்கிக் கமக்காரருக்கு உதவுகிறோம் என்றால் அந்த உதவியில் பெரும்பங்கு கமக்காரர் அல்லாதவருக்கே போகிறது. உதவி செய்ய வேண்டுமானால் ஆளுக்குச் செய்யுங்கள், எண்ணெய்க்குச் செய்யாதீர்கள். முப்பது வருடம் கணக்குப் புத்தகத்தோடு இருந்தவன், எனக்கு இதில் சந்தேகம் இல்லை.

அதற்காக ஒரே இரவில் தூக்குவதும் சரியில்லை. நைஜீரியாவில் 2023 மே கடைசியில் புதிய ஜனாதிபதி பதவியேற்ற அன்றே பெற்றோல் மானியம் முடிந்தது என்றார். 185 நைரா அளவில் இருந்த லீற்றர் ஒரு கிழமைக்குள் 500 ஐத் தொட்டது. அங்கே வடக்கில் ஆற்றோரத் தோட்டக்காரர் பலர் சின்னப் பெற்றோல் பம்பில்தான் இறைக்கிறார்கள். பயிர் பாதி வளர்ந்து நிற்கும்போது விலை மாறினால் அவர் விட்டுவிட்டுப் போகவும் முடியாது, தொடரவும் முடியாது.


நாலாம்குறுக்குத்தெரு:

அக்கா, நான் அந்த வெங்காயத்தை இந்தப் பக்கம் நின்று இறக்குகிறவன். புறக்கோட்டை மொத்தச் சந்தையில் விலை ஏறினால் யாழ்ப்பாணத்தில் காசு கொட்டுகிறது என்று நினைக்கிறார்கள். 2022 இல் நடந்ததைச் சொல்கிறேன். லொறி புறப்பட்டு வழியில் டீசல் வரிசையில் மூன்று நாள் நின்றது. படங்கு மூடி, உள்ளே வெக்கை. இங்கே வந்து மூட்டையைத் தொட்டாலே தெரியும், நடுவில் ஈரமாகக் கை ஒட்டும், அவிழ்த்தால் அந்த வாடை மூக்கை அடைக்கும். கொட்டிப் பிரித்தால் மூன்றில் ஒரு பங்கு குப்பைக்கு. முதலாளி கழிவு போட்டுத்தான் கணக்குப் பார்ப்பார், அந்தக் கழிவு தோட்டக்காரர் தலையில்தான் விழும். வெங்காயம் கிலோவுக்கு என்ன விலை என்று ஊரே பேசியது, கழிவு எவ்வளவு போனது என்று யாரும் கேட்கவில்லை.

கணக்கர் ஐயா சொல்வது புத்தகத்தில் சரியாக இருக்கும். ஆனால் லொறிக்காரருக்கு விலை கூடினால் வாடகையில் போட்டுவிடுவார். தோட்டக்காரர் எதில் போடுவார்?


படுவான்கரை:

எல்லோரும் பம்பையும் லொறியையும் பேசுகிறீர்கள், உரப்பையை விட்டுவிட்டீர்கள். யூரியாவும் எரிசக்திதான் தம்பிமாரே. இயற்கை எரிவாயுவில் இருந்துதான் அமோனியா, அதில் இருந்துதான் யூரியா. எரிவாயு விலை ஏறினால் ஒரு அந்தர் (ஐம்பது கிலோ அளவு) யூரியா விலையும் கூடவே ஏறும். 2020 இல் உலகச் சந்தையில் தொன் 230 டொலர் அளவில் இருந்தது, 2022 சித்திரையில் 900 ஐத் தாண்டியது. நம் நாட்டில் ஒரு காலம் 50 கிலோ பை 350 ரூபாவுக்குக் கொடுத்தார்கள், 2005 இல் தொடங்கினது. 2022 இல் இந்தியக் கடனில் வந்த யூரியாவை அரசாங்கமே 10,000 ரூபாவுக்கு விற்றது, அதுவும் கிடைத்தவன் அதிர்ஷ்டசாலி.

உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும், கொழும்புக்குப் பக்கத்திலேயே சப்புகஸ்கந்தவில் நமக்கென்று ஒரு யூரியா ஆலை இருந்தது. 1980 களின் தொடக்கத்தில் கட்டினார்கள், எண்ணெய்ச் சுத்திகரிப்பில் வரும் நப்தாவை வைத்து யூரியா செய்வது. செலவு கட்டுப்படியாகவில்லை, சில வருடத்திலேயே மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு முழுக்கக் கப்பலை நம்பித்தான் வயல்.

எனக்கு மூன்று ஏக்கர், தம்பி பார்க்கிறான், நான் இங்கே மட்டக்குளியில் வேலை, விதைப்புக்கும் வெட்டுக்கும் லீவு போட்டுப் போவேன். 2021 மே மாதம் இரசாயன உரத்தைத் தடை செய்தார்கள். கார்த்திகையில் தடையை எடுத்தார்கள். இந்த இரண்டு திகதிக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரும்போக, அதாவது மழைக்கால நெல், விதைப்பு. தடையை எடுத்தது நல்லது என்று இங்கே பேப்பரில் எழுதினார்கள், எங்கள் வயலில் பயிர் மஞ்சள் பாய்ந்து நின்றது. கட்டை வெடிக்கிற, அதாவது பயிர் தூர் விடுகிற, பருவத்தில் யூரியா விழவில்லை என்றால் பிறகு பை பையாகக் கொட்டினாலும் பிரயோசனம் இல்லை, நெல்லுக்கு அந்த நாள் திரும்பி வராது. முந்திய பெரும்போகத்தில் நாடு முழுக்க 30 இலட்சம் மெட்ரிக் தொன்னுக்கு மேல் நெல் வந்தது, 2021/22 இல் 20 இலட்சத்துக்கும் கீழே. ஆகவே கிணத்தடி பிள்ளை சொன்னது முழுக்கச் சரி. நாள்தான்.

இப்போது உரத்துக்குப் பதில் ஹெக்டேயருக்கு 25,000 ரூபா வங்கியில் போடுகிறார்கள், கணக்கர் ஐயா சொன்ன மாதிரி ஆளுக்கு உதவி. நல்ல விசயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் போன தடவை என் தம்பிக்குக் காசு வந்தபோது அவன் இரண்டாம் பசளையையும் கடனுக்கு வாங்கிப் போட்டு முடித்துவிட்டான். கடைக்காரன் கடனுக்குப் போட்ட விலை வேறு.


தெஹிவளைக் கணக்கர்:

படுவான்கரை அண்ணருக்கு: அது எனக்குத் தோன்றாத விசயம், ஒப்புக்கொள்கிறேன். கொடுக்கிற தொகையை மட்டும் பார்த்தேன், கொடுக்கிற திகதியைப் பார்க்கவில்லை. விதைக்க முன்னம் வராத காசு கடன்காரனுக்குத்தான் போகிறது.


கோவையில் படித்தவன்:

நான் கொட்டாஞ்சேனை. கோயம்புத்தூரில் வேளாண்மை படித்தேன், அதனால் அந்தப் பக்கத்துக் கதையைச் சொல்கிறேன். "இந்தியாவில் விவசாயத்துக்குக் கரண்ட் இலவசம், இங்கே ஏன் இல்லை" என்று அடிக்கடி கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் அது சும்மா வரவில்லை. 1970 களில் நாராயணசாமி நாயுடு தலைமையில் மின்கட்டண உயர்வை எதிர்த்து உழவர்கள் இறங்கினார்கள், துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்தார்கள். 1984 இல் எம்.ஜி.ஆர். சிறு விவசாயிகளுக்கு இலவசமாக்கினார், 1990 அளவில் கருணாநிதி எல்லோருக்கும் கொடுத்தார். அதை நம்பி எத்தனையோ குடும்பம் பிழைத்தது, அதைக் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் இலவசக் கரண்ட் எப்போது வரும் என்பதில்தான் சிக்கல். பம்ப் மோட்டாருக்கு வேண்டிய மும்முனைக் கரண்ட் இராத்திரியில் விடுவார்கள். நாங்கள் களப்பணிக்குப் போய்த் தங்கிய வீட்டில் பெரியவர் ஒருவர் பன்னிரண்டு மணிக்கு எழும்பி டோர்ச் லைட்டோடு கரும்புத் தோட்டத்துக்குள் போவார், பாம்புக்குத் தடியும் கையில். பலர் மோட்டாரை ஓன் பண்ணியே விட்டுவிடுவார்கள், எந்த நேரம் வந்தாலும் தானாக ஓடட்டும் என்று. காசும் இல்லை, நேரமும் தெரியாது என்றால் தண்ணீர் தேவைக்கு மேலே ஓடத்தானே செய்யும்? அந்தப் பக்கம் ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடிக்கும் கீழே போய்விட்டது.

குஜராத்தில் 2003 இல் ஜோதிகிராம் என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஊருக்கு ஒரு லைன், வயலுக்குத் தனி லைன். வயல் லைனில் ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம்தான், ஆனால் முழு வோல்டேஜில், முன்கூட்டியே சொன்ன நேரத்தில். நேரம் குறைவு, ஆனால் சொன்னபடி வரும். மோட்டார் எரிவதும் குறைந்தது, இராத்திரிக் காவலும் குறைந்தது. பஞ்சாபில் வேறு மாதிரி. அங்கே 1997 இல் கரண்டை இலவசமாக்கி நிலத்தடி நீர் கீழே கீழே போனதும், 2009 இல் சட்டம் போட்டு ஜூன் 10 க்கு முன் நாற்று நடக் கூடாது என்றார்கள், மழைக்குக் கிட்டத் தள்ளினால் தண்ணீர் மிஞ்சும் என்று. தண்ணீர் கொஞ்சம் மிஞ்சியது. ஆனால் அறுவடையும் பின்னுக்குப் போய், கோதுமை விதைக்க நாள் போதாமல் வைக்கோலைக் கொளுத்துகிறார்கள், டெல்லிக்குப் புகை போகிறது. கரண்டில் செய்த பிழையை நாளில் திருத்தப் போய் அந்த நாள் இன்னோர் இடத்தில் இடித்தது.

இலவசமா இல்லையா என்ற சண்டையை விட, எத்தனை மணிக்கு வரும் என்று சொல்லி அந்த நேரத்துக்குக் கொடுப்பதுதான் இங்கே முதலில் வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.


கிணத்தடி:

நன்றி தம்பி. நம் நாட்டிலேயே கரண்டும் வயலும் நேருக்கு நேர் நின்ற ஒரு சம்பவத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2023 சிறுபோகம் (கோடைக்கால நெற்செய்கை), தெற்கில் உடவளவைக் குளத்துப் பக்கம். மழை பொய்த்தது, குளம் வற்றியது, மேலே சமனலவெவ நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இருந்தது. அது 120 மெகாவாட் நீர்மின் நிலையத்துக்கான தண்ணீர். திறந்துவிட்டால் தெற்கில் மின்வெட்டு வரும் என்றது மின்சார சபை. வயலில் நெற்கதிர் வெளிவரும் பருவம், கமக்காரர் வீதியில் இறங்கி நாட்கணக்கில் நின்றார்கள். கடைசியில் அமைச்சரவை கூடித் திறக்கச் சொன்னது. அதற்குள் ஒரு பகுதி வயல் காய்ந்துவிட்டது.

நான் மின்சார சபையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, அந்த நேரம் அவர்களிடமும் கையில் ஒன்றும் இல்லை. என் கேள்வி வேறு. சிறுபோகம் தொடங்க முன் கூட்டம் வைத்து எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்தத் திகதியில் வாய்க்கால் திறப்பது என்று முடிவெடுக்கிறார்கள். அந்தக் கூட்டத்திலேயே, மழை இல்லாவிட்டால் இன்ன திகதியில் மேலே இருந்து இவ்வளவு தண்ணீர் இறங்கும் என்று எழுதி வைத்திருந்தால், ஒன்றில் அவர்கள் குறைவாக விதைத்திருப்பார்கள், இல்லை என்றால் தண்ணீர் நேரத்துக்கு வந்திருக்கும். இரண்டும் நடக்கவில்லை. விதைத்த நெல்லைக் கையில் வைத்துக்கொண்டு வீதியில் நிற்பது போல் ஒரு கொடுமை இல்லை.


மூதூர்க்காரி:

நானும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துச் சம்பூரில் 2006 இல் யுத்தத்தால் சனம் இடம்பெயர்ந்தது. பிறகு நிலக்கரி மின் நிலையம் வருகிறது என்றார்கள், 2016 இல் அதைக் கைவிட்டார்கள். 2025 சித்திரையில் 120 மெகாவாட் சோலார் திட்டத்தைத் தொடக்கி வைத்தார்கள். நிலக்கரியை விட வெயில் எவ்வளவோ நல்லது, கரிச்சாம்பல் வயலில் விழாது, அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் இடம் என்றால் அது எப்போதும் வெறும் இடம் இல்லை. படத்தில் வெட்டையாகத் தெரிகிற தரையில்தான் எங்கள் பக்கத்து மாடுகள் மழைக்காலம் முழுக்க நிற்கும், ஏனென்றால் அப்போது வயலில் பயிர் இருக்கும். பனல் தட்டுகளுக்குக் கீழே ஆடு மேயும், மாடு போக முடியாது, உயர்த்திக் கட்டினால்தான் முடியும். உயர்த்திக் கட்டச் செலவு கூடும். அந்தச் செலவை யார் ஏற்பது என்று கட்டுவதற்கு முன்னமே கேட்டால்தான் பதில் வரும்.


நாலாம்குறுக்குத்தெரு:

அக்கா, அப்பாவுக்கு ஒரு சோலார் பம்ப் போட்டுக் கொடுங்களேன்? எண்ணெயும் வேண்டாம், வரிசையும் வேண்டாம். வெயில் யாழ்ப்பாணத்தில் குறைவா?


கோவையில் படித்தவன்:

போடலாம், ஆனால் யாழ்ப்பாணத்தில் யோசித்துப் போட வேண்டும். அங்கே கீழே சுண்ணக்கல், மழைத் தண்ணீர் அதற்குள் நிற்கிறது, அதற்குக் கீழே உப்புத் தண்ணீர். எண்ணெய்க்குக் காசு கொடுக்கும்போது மெசினை நிறுத்த ஒரு காரணம் இருக்கும். வெயிலுக்குக் காசு இல்லை, நிறுத்த மனம் வராது, அளவுக்கு மிஞ்சி இழுத்தால் உப்பு ஏறும். குஜராத்தில் துண்டி என்ற ஊரில் இதற்கு ஒரு வழி பார்த்தார்கள். சோலார் பம்ப் வைத்திருக்கிற விவசாயிகள் சேர்ந்து கூட்டுறவு அமைத்து, மிச்சக் கரண்டை மின் வலையமைப்புக்கு விற்கிறார்கள். இறைத்தால் அந்தக் காசு போகும், இறைக்காமல் விட்டால் வரும். தண்ணீரை விட்டுவைக்க ஒரு காரணம் கிடைக்கிறது. இதில் நின்று வேலை செய்த ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் இங்கே பத்தரமுல்லையில்தான் இருக்கிறது, நம் ஊரில் இருந்து பஸ்ஸில் போகிற தூரம்.


கிணத்தடி:

தம்பி சொன்ன உப்பு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், தேத்தண்ணியிலேயே தெரியும். உப்பு மட்டும் இல்லை. பக்கத்தில் சுன்னாகத்தில் மின் நிலையத்துக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்து, 2019 இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அந்தக் காலம் அம்மா வாளியில் அள்ளி, வெயிலில் வைத்து, மேலே எண்ணெய்ப் படலம் மினுங்குகிறதா என்று சரித்துச் சரித்துப் பார்ப்பா. நாட்டுக்குக் கரண்ட் தருகிறோம் என்று சொல்லும்போது கிணறும் நாட்டில்தான் இருக்கிறது.

சோலார் பற்றி இந்த இழை ஓடிக்கொண்டு இருக்கும்போதே அப்பாவிடம் போனில் கேட்டேன். எங்களுடையது பங்குக் கிணறு. நாலு பேர், ஆளுக்கு முறை நாள் இருக்கிறது, அப்பாவுக்குச் செவ்வாய், மற்றது சனி. பாட்டன் காலத்தில் துலா மிதித்த நாளில் இருந்து அந்த முறை மாறவில்லை, மெசின் வந்தபோதும் மாறவில்லை. நாலு பேரும் சேர்ந்து ஒரு சோலார் பம்ப் போட்டால் என்ன என்றேன். அப்பா உடனே ஓம் என்று சொல்லவில்லை. பின் வளவு ஐயாவிடம் போய்க் கேட்டிருக்கிறார். அவர் கேட்ட கேள்வி இது: "என்ர முறை அண்டைக்கு மப்பா (மேகமூட்டமா) இருந்தா? அடுத்த நாள் உங்கட முறை. நீங்கள் விடுவீங்களோ?"

பற்றரி போட்டால் செலவு இரண்டு மடங்கு கிட்ட வரும் போல இருக்கிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை மப்பு, ஆனால் அப்போது மழையும் இருக்கும், இறைப்பு பெரிதாகத் தேவைப்படாது. தை தொடக்கம் வெயில்தான். ஆகவே மப்பு நாள் கொஞ்சம்தான் வரும், ஆனால் அந்தக் கொஞ்ச நாள் யாருடைய முறையில் விழும் என்பதுதான் அவர்களுக்குள் பேச்சு. நேற்று இரவு நாலு பேரும் கிணத்தடியில் இருந்து கதைத்திருக்கிறார்கள். மப்பு என்றால் முறை எல்லோருக்கும் ஒரு நாள் தள்ளும், இரண்டு நாள் தொடர்ந்து மப்பு என்றால் பழைய மெசின், எண்ணெய்ச் செலவு நாலாகப் பிரிப்பது என்று ஐயா சொல்ல மற்றவர்கள் ஒத்துக்கொண்டார்கள். மிச்சக் கரண்டை விற்க முடியுமா, அதற்கு என்ன லைன் வேண்டும் என்று இனித்தான் விசாரிக்க வேண்டும். தம்பி, அந்தப் பத்தரமுல்லை இடத்தில் யாரைக் கேட்கலாம் என்று தெரிந்தால் தனியாக எழுதுங்கள். மெசினை விற்க மாட்டாராம் அப்பா. சோடாப் போத்தலும் அதே மூலையில்தான் இருக்கிறது.